புதைக்கப்பட்டவர் நலம்

குழி வெட்டி முடித்துவிட்டார்கள். அதில் இன்னும் யாரும் இறங்கிப் படுக்கவில்லை. அதுதான் பிரச்சினை.

அப்பா முந்தின நாள் மாலை இறந்தார். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், எங்கள் பங்கானியில், பிணத்தை நீண்ட நேரம் வைத்திருக்க மாட்டார்கள். மாலைத் தொழுகைக்கு முன் அடக்கம் முடிந்துவிட வேண்டும். இமாம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பார்த்தது தெரியாமலிருக்கத் தாடியைத் தடவிக்கொள்வார். மறுபடியும் பார்ப்பார்.

கடைசி வாரத்தில் அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"என் குழிக்குள்ள மொதல்ல ஜெர்வாசி எறங்கணும். அவன் ஏறி வந்தப்புறம் என்னை எறக்கு. மாத்தி வயரக் குடுத்திடாத, இஞ்சினியரு."

நான் மின்நிலையத்தில் வேலை செய்கிறேன். இணைப்பை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஜெர்வாசிக்குப் போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க மாமா?"

"முஹேசா தாண்டி நடுரோட்டுல நிக்கறேன். டயர் வெடிச்சிருச்சு. உங்கப்பன் வேலதான். செத்த மறுநாளே ஆரம்பிச்சுட்டான் பாரு."

"இமாம் அவசரப்படுத்தறாரு மாமா."

"அந்த ஆளுகிட்டச் சொல்லு, பொணத்துக்கு எந்த ஊருலடா பஸ்ஸு தவறிப் போகுதுன்னு."

ஜெர்வாசிக்கு வயது எண்பதுக்கு மேல். இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறார்கள். பல வருடங்களுக்கு முன் எங்கள் ஊருக்குள் அவர் முதன்முதலாக வந்தது, என் அப்பாவைக் கொன்றவர்களைக் கைது செய்வதற்காக.

அப்பாவின் பெயர் ஷோமாரி செக்கிபோ. பங்கானி ஆற்றைக் கடக்கும் பெரிய மிதவைப் படகில் டிக்கெட் கிழித்தார். டிக்கெட்டோடு ஒரு வசவும் இலவசம். மேற்கே தபோரா பக்கத்து நியாம்வேசி ஆள் யாராவது ஏறினால் வசவு இரண்டாகும். ஏனென்றால் எங்கள் சிகுவா ஆட்களுக்கும் நியாம்வேசிகளுக்கும் உதானி முறை. முழுச் சனத்துக்கும் முழுச் சனம் கேலிமுறை. ஒருவர் மற்றவரை என்ன திட்டினாலும் கோபப்படக் கூடாது. திருப்பித் திட்டலாம். புகார் மட்டும் கொண்டுபோகக் கூடாது.

சாவு வீட்டில்தான் உதானிக்காரனுக்கு நிறைய வேலை. செத்தவனுடைய உடையைப் போட்டுக்கொள்வான். அவனைப் போல நடப்பான், அவனைப் போல இருமுவான். அழுகிறவர்கள் வாய்விட்டுச் சிரிக்கும்வரை விடமாட்டான். குழி வெட்டியதும் உள்ளே குதித்துப் படுத்துக்கொண்டு, "இடம் என்னுது, வேற குழி பாருங்க" என்று அடம் பிடிப்பான். செத்தவன் வீட்டார் ஒரு சேவலைக் கொடுத்துத்தான் அவனைக் கிளப்ப வேண்டும்.

அப்பா இதில் கைதேர்ந்தவர். நான் மகன் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆற்றின் இரு கரையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

மிஹாம்போ என்று ஒருவர் இருந்தார். நியாம்வேசி. நார்க் கற்றாழைத் தோட்டத்துத் தொழிலாளர்களுக்குச் சோளம் அரைத்துத் தரும் மில்லில் வேலை. எப்போதும் முகமெல்லாம் மாவு, தொப்பி, பெரிய தொப்பை. அவரும் அப்பாவும் படகில் தினமும் சண்டை போடுவார்கள். பயணிகள் அதைக் கேட்பதற்காகவே நெருங்கி நிற்பார்கள். சுதந்திரம் வந்து சில வருடங்களில், ஒரு மழைக்கால முடிவில், மிஹாம்போ காய்ச்சலில் போய்விட்டார். அவர் மனைவி கலுண்டே ஒரு சொட்டு அழவில்லை. கல்லாக உட்கார்ந்திருந்தார்.

அப்பா முகத்தில் மாவைப் பூசிக்கொண்டார். மிஹாம்போவின் காற்சட்டையைப் போட்டு, தேங்காய் நாரைத் திணித்துத் தொப்பை வைத்து, தொப்பியை மாட்டிக்கொண்டு கலுண்டேயின் முன்னால் போய் நின்றார். "சாப்பாடு ஆச்சா? மனுஷன் செத்துட்டா சோறு கெடயாதா?" என்று மிஹாம்போவின் குரலில் கேட்டார். கலுண்டே அசையவில்லை. அப்பா குழிக்குள் போய்ப் படுத்தார்.

அன்று ஒரு ஜீப்பில் மூன்று வெளிநாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். கேமரா வைத்திருந்தார்கள். மாமரத்தடியில் நின்று படம் பிடித்தார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்களை யாரும் துரத்த மாட்டோம். பிலாவ் கொடுத்தோம். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

குழியில் பேரம் நீண்டுவிட்டது. மிஹாம்போவின் உறவுக்காரர்கள் நால்வர் மண்வெட்டியை எடுத்தார்கள். "சேவல் கெடயாது. மண்ணுதான். தின்னு" என்று அள்ளிப் போட்டார்கள். அப்பா கையை மேலே நீட்டி, "ஐயோ கொல்றாங்களே, நான் மிஹாம்போ இல்ல, அவனவிட அழகன்!" என்று அலறினார். கலுண்டே அப்போதுதான் சிரித்தார். சிரிப்பு அழுகையாயிற்று. எழுந்து தன் கையாலேயே சேவலைப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பா அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேலே ஏறினார். மிஹாம்போவை இறக்கினார்கள்.

ஒரு வருடம் கழித்து ஜெர்வாசி வந்தார்.

தலைநகரத்து அலுவலகம் ஒன்றிலிருந்து வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, இடுப்பில் கைவிலங்குகள், கூட இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு லாரி. லாரியில் புரொஜெக்டர் பெட்டி. அந்த வெளிநாட்டுக்காரர்களின் படம் ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்ததாம். வெள்ளைக்காரன் போன பிறகு ஆப்பிரிக்கா எப்படிச் சீரழிந்தது என்று காட்டும் படமாம். ஒரு பிரதி அரசாங்கத்தின் கைக்கு வந்திருந்தது. நம் பெயரைக் கெடுத்தவர்கள் யார் என்று கண்டுபிடிக்க ஜெர்வாசியை அனுப்பியிருந்தார்கள். அவருக்கு அதுதான் முதல் வேலை.

கொப்பரைக் கிடங்கின் கதவுகளைச் சாத்தி, சன்னல்களில் சாக்கு கட்டி, பட்டப்பகலில் படம் போட்டார்கள். ஊரே உள்ளே இருந்தது. கொப்பரை வாடை, வியர்வை. படத்தில் பேசுவது யாருக்கும் புரியாது என்பதால், ஜெர்வாசி டார்ச் வெளிச்சத்தில் மொழிபெயர்ப்பை உரக்கப் படித்தார்.

"எசமானர்கள் சென்ற ஒரே ஆண்டில், மாளிகைகளில் விலங்குகள் குடியேறின."

திரையில் தோட்டத்து மேலாளரின் பழைய வீடு. வராந்தாவில் ஆடுகள்.

"அடியே சைதா! உன் ஆடுடி!"

"என் ஆடேதான்! பாருங்க, கொம்பு ஒடஞ்ச செறுக்கி, சினிமாவுல நடிச்சிருக்கா! தொரை இருந்தப்பவும் அங்கதான்யா படுப்பா. தொரைசானிக்குப் பால் ஊத்தினதே நான்தான்."

"அமைதி!" என்றார் ஜெர்வாசி. "கடற்கரையெங்கும் பிணங்கள்."

திரையில் மணலில் வரிசையாக ஆட்கள் கிடந்தார்கள். கிடங்கு ஒரு கணம் மூச்சைப் பிடித்தது. அப்போது ஒரு பிணம் தொடையைச் சொறிந்தது.

"பொணம் சொறியுது!"

"அது நம்ம பகாரி! சாப்ட்டுட்டுத் தூங்கறான்! நாய் கூடப் பக்கத்துலயே படுத்திருக்கு!"

"எப்பவும் தூக்கம்தானே அவனுக்கு. பொண்டாட்டி சொன்னப்ப எவனாவது நம்பினீங்களா?"

பகாரி பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் காட்டினார்கள். அதற்குள் காட்சி போய்விட்டது. இன்னொரு முறை போடச் சொல்லி ஜெர்வாசியிடம் கெஞ்சினார்.

சிரிப்பு நின்றது ஒரே ஓர் இடத்தில். எதிரே கடலில் உள்ள தீவில், சுல்தானை விரட்டிய கலகத்தின்போது, ஆகாயத்திலிருந்து எடுத்த காட்சி. அந்தப் பிணங்கள் யாரும் சொறியவில்லை. கூட்டத்தில் ஒருவர் துஆ ஓத ஆரம்பித்தார். அப்பா கடைசிவரை அந்த இடத்தை மட்டும் கேலியில்லாமல்தான் சொல்வார். "தூங்கறவனையும் செத்தவனையும் ஒண்ணாப் படுக்க வெச்சிருக்கான். ரெண்டு பேருக்கும் பேரு இல்ல. அப்ப எவன்தான் நம்புவான், எதைத்தான் நம்புவான்?"

பிறகு மிஹாம்போவின் சாவு வந்தது.

"சட்டம் ஒழிந்த நாட்டில்," ஜெர்வாசியின் குரல் கனத்தது, "ஒரு மனிதனை உயிரோடு புதைக்கிறார்கள்."

மாவு பூசிய முகம். மண்வெட்டிகள். மேலே நீண்டு துடிக்கும் ஒரு கை. சட்டென்று காட்சி மாறியது. வரிக்குதிரைகள் ஓடின.

கிடங்கு முழுக்கக் கூச்சல்.

"கோழி எங்க?"

"யோவ், கோழியக் காணோம்!"

"கோழிய வெட்டிட்டான்யா!"

ஜெர்வாசிக்கு ஒன்றும் புரியவில்லை. கதவைத் திறக்கச் சொன்னார். வெளிச்சம் வந்தது.

"அந்த நாலு பேர் யாரு? மண்ணு தள்ளினது யாரு?"

யாரைக் காட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்று அவர் காத்திருந்தார். நால்வரும் பெருமையாக எழுந்து நின்றார்கள். சினிமாவில் வந்தவர்கள் அல்லவா.

"நான்தான் ஐயா, எடப்பக்கம்."

"பெரிய மண்வெட்டி என்னுது ஐயா."

ஐந்தாவதாக ஒருவர் எழுந்தார். "நானும்தான்."

"நீ எங்கடா இருந்த? அன்னிக்கு நீ ஊருலயே இல்ல!"

"இருந்தேன். மரத்துக்குப் பின்னால."

ஜெர்வாசி முதல் நால்வருக்கும் விலங்கு மாட்டினார். அவர்கள் அதையும் விளையாட்டு என்றே நினைத்தார்கள். "கொலைக் குற்றம். சாயங்காலம் லாரி தாங்கா ஜெயிலுக்குப் போகுது" என்றதும்தான் முகங்கள் மாறின.

அப்பா கையைத் தூக்கினார்.

"ஐயா, செத்தது நான்தான்."

"என்ன?"

"உயிரோட பொதச்சாங்களே, அது நான்தான். மண்ணு போட்டதுல எனக்கு வருத்தமில்ல. வீட்டுக்கு அனுப்பிடுங்க."

ஜெர்வாசி அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். படத்தில் இருந்தவனுக்குத் தொப்பை. அப்பா கொக்கு மாதிரி இருந்தார். முகமோ மாவுக்குள். கலுண்டே சாட்சி சொன்னார். ஊரே சாட்சி சொன்னது. எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதனாலேயே அவர் நம்பவில்லை.

"ஊரே சேர்ந்து மறைக்கிறீங்க. உதானியாம், சேவலாம். இந்த நாட்டுல இனி சிகுவாவும் கெடயாது, நியாம்வேசியும் கெடயாது. எல்லாரும் ஒண்ணு."

"ரொம்ப சரி ஐயா. நீங்க எந்த ஊரு?"

"என் ஊரு இந்த நாடு."

"நல்ல ஊருதான். அதுல எந்தப் பக்கம்?"

"பெயர் ஜெர்வாசி பவுலோ. அது போதும்."

அப்பாவிடம் வேறு ஆதாரம் இல்லை. நான்கு பேர் லாரி நிழலில் குந்தியிருந்தார்கள். அவர்களின் மனைவிமார் ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒப்பாரி வைப்பவர்களைச் சிரிக்க வைக்கத்தான் அப்பாவுக்குத் தெரியும். எதிரே தூக்குத் தண்டனை தெரியும்போது என்ன சொல்லிச் சிரிக்க வைப்பது?

புரொஜெக்டர் பெட்டியை லாரியில் ஏற்றப் போலீஸ்காரர்கள் இருவரும் திணறினார்கள். ஒரு மூலையைத் தரையில் இடித்துவிட்டார்கள். ஜெர்வாசி பொறுமையிழந்து, "தள்ளு" என்றார். குனிந்தார். ஒரே தம். பெட்டி அவர் தலைமேல் இருந்தது. ஒரு கையால்கூடப் பிடிக்கவில்லை. கழுத்து ஆடாமல், கை வீசி, லாரியை நோக்கி நடந்தார்.

கடற்கரைக்காரன் எவனும் அப்படித் தூக்க மாட்டான். தபோராவிலிருந்து கடல்வரைக்கும் யானைத் தந்தத்தைத் தலையில் சுமந்து வந்தவர்களின் பேரன்தான் அப்படித் தூக்குவான்.

அப்பாவின் குரல் கிடங்குவரை கேட்டது.

"அட, அடேய்! எங்க தாத்தாவோட தந்தத்த உங்க தாத்தா இப்பிடித்தான்டா தூக்கிட்டு வந்தாரு! அன்னிக்கு அமுங்கின தலை, இன்னும் உப்பல பாரு! சட்டம் படிச்சும் தட்டத் தலைதான்!"

ஒப்பாரி நின்றது. அரசாங்க அதிகாரியை டிக்கெட் கிழிப்பவர் 'டேய்' என்கிறார். அந்த அதிகாரி நியாம்வேசியாக இல்லாவிட்டால் ஐந்தாவது விலங்கு அப்பாவுக்குத்தான்.

ஜெர்வாசி நின்றார். பெட்டி தலைமேல். உதட்டைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் அரசாங்கம், நான் அரசாங்கம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். ஆனால் வாய் அவர் அம்மாவுடையது.

"உங்க தாத்தா தந்தம் வாங்கினாராடா? தேங்கா நக்கி! பஞ்சத்துல ஒரு கூடை சோளத்துக்குக் கூடப்பொறந்த தம்பியையே வித்தவரு! அந்தச் சோளமும் புழுத்த சோளம்!"

கிடங்கு வெடித்தது.

"பதில் சொல்லிட்டாரு!"

"திட்டிட்டாரு! நம்ம ஆளு! நம்ம மச்சான்!"

திட்டியாகிவிட்டது. இனி கோபப்பட முடியாது. புகார் எழுத முடியாது. உதானிக்காரன் விளையாட்டு என்று சொன்னதை இல்லை என்று மறுக்கவும் முடியாது. அப்படிச் சொன்னால் தபோராவில் அவர் அம்மாவே வீட்டுக்குள் விடமாட்டார். ஜெர்வாசி பெட்டியை இறக்கி வைத்தார். அதன் மேலேயே உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று முதலில் நினைத்தார்களாம்.

அப்பா நேரே போய் அவர் காதைப் பிடித்துத் திருகினார்.

"சேவல் ஒண்ணு. அபராதம். அப்புறம் சாவி."

சாவி கைமாறியது. நால்வரும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, மரத்துக்குப் பின்னாலிருந்த ஐந்தாமவரை அடிக்கப் போனார்கள். அன்று மாலை அப்பா தொப்பையும் மாவுமாக எல்லாவற்றையும் முதலிலிருந்து நடித்துக் காட்டினார். சேவலோடு. ஜெர்வாசி தலைநகரத்துக்குத் தந்தி அடித்தார்: புதைக்கப்பட்டவர் நலம், விருந்து வைத்தார்.

அலுவலகத்தில் அவரைக் கேட்ட கேள்விகள் பல. வேலை எப்படியோ தப்பியது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் விடுமுறைக்குப் பங்கானி வந்தார், என் அப்பாவைத் திட்டுவதற்கு. நான் பிறந்தபோது என்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பன் மாதிரியே இருக்கான், திருப்பிக் குடுத்துட முடியாதா?" என்று கேட்டவர்.

அந்தப் படத்தை நானும் ஒருமுறை பார்த்தேன். பல்கேரியாவில் படித்தபோது, மாணவர் சங்கத்தில் திரையிட்டார்கள். மண்வெட்டி வந்ததும் எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். நான் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெண், "உனக்கு இதயமே இல்லயா?" என்றாள்.

"அது எங்கப்பா."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். விளக்கம் சொல்லச் சொல்ல இன்னும் அழுதாள். அதிர்ச்சியில் பிதற்றுகிறேன் என்று முடிவு செய்துவிட்டாள். எனக்குச் சூப் வாங்கிக் கொடுத்தாள். ஊருக்குப் போன் செய்து சொன்னேன்.

"சூப்பு நல்லா இருந்துச்சா?" என்றார் அப்பா. "இன்னும் அங்க குழிக்குள்ளயேதான் இருக்கேனா நான்? மூச்சு முட்டுதுடா. கோழியப் பத்தி அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு."

அதுதான் அவருடைய ஒரே வருத்தம். உலகம் முழுக்க அவர் குழியில் இறங்கினார். எங்கேயும் ஏறி வரவில்லை.

இமாம் என்னருகில் வந்தார். "இன்ஜினியர் தம்பி, இதுக்கு மேல முடியாது."

எனக்கும் தெரியும். நான் தலையாட்டப் போனேன். அப்போது கல்லறைத் தோட்டத்தின் வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். ஓட்டுகிறவனின் பின்னால் கறுப்பு சூட், டை, தலையில் ஒரு பெட்டி. கையால் பிடிக்கவில்லை.

ஜெர்வாசி யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. நேராகப் பாடையிடம் போனார்.

"கடைசில ஒழிஞ்சியா? அம்பது வருஷமா ஏமாத்தினியேடா, இன்னிக்கு நாளைக்குன்னு!"

பெட்டியைத் திறந்தார். அப்பாவின் பழைய படகுத்துறைத் தொப்பி. எப்போது திருடினாரோ. மாட்டிக்கொண்டார். அப்பாவைப் போலக் கழுத்தைச் சாய்த்து, அடக்கத்துக்கு வந்தவர்களிடம் டிக்கெட் கேட்டுக்கொண்டே நடந்தார். "நீ ஏறு. நீ ஏறாத, பாரம் தாங்காது. இமாம் ஐயாவுக்குப் பாதி டிக்கெட்டு, தாடிக்குத் தனி." சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கியது. நான்கு பேர் அவரைத் தூக்கிக் குழிக்குள் இறக்கினார்கள். சூட்டோடு மல்லாந்து படுத்தார்.

"நல்ல எடம். காத்து வருது. அவன வேற எங்கயாச்சும் கொண்டுபோங்க."

"எழுந்திருங்க மாமா."

"சேவலு?"

மரபுப்படி மகன் பேரம் பேச வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் தங்கை கணவன் கைபேசியை உயர்த்திப் படம் பிடிக்க ஆரம்பித்தான். உடனே குழிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"டேய், எடுக்கறியா? எடு. கோழி வரைக்கும் எடுக்கணும். பாதில வெட்டின, அடுத்த குழி ஒனக்கு!"

நான் தொண்டையைச் செருமினேன்.

"சேவல் கெடயாது," என்றேன். குரல் அப்பாவுடையது போல வந்தது. "சுமக்கத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு சேவலு? எந்திரி, தட்டத் தலையா!"

"அப்பிடிப் போடு!" என்று யாரோ கத்தினார்கள்.

பேரம் நடந்தது. கோழிக் குஞ்சில் தொடங்கினேன். அவர் ஒட்டகம்வரை போனார். கடைசியில் சேவல் வந்தது, அம்மா வளர்த்த சிவப்புச் சேவல். ஜெர்வாசி எழப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி பார்த்தார். இடுப்பிலிருந்த இரும்பு ஒத்துழைக்கவில்லை.

"நெசமாவே மாட்டிக்கிட்டேன்டா," என்றார் மெல்ல.

மேலே இருந்தவர்கள் அதையும் நடிப்பு என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் உள்ளே குதித்தேன். குழிக்குள் மணல் குளிர்ச்சியாக இருந்தது. அவருக்கு அக்குளில் கை கொடுத்தேன். கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் வழிந்து நிறைந்திருந்தது.

"சத்தமாத் திட்டு," என்று முணுமுணுத்தார். "மேல தெரியக் கூடாது."

திட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன். தந்தம், தலை, அவர் தாத்தா, அவர் பாட்டி. நானும் அழுதுகொண்டேதான் திட்டினேன். மேலே இமாம்கூட வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். முதலில் ஜெர்வாசியை ஏற்றினார்கள். பிறகு என்னை.

அவர் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சூட்டெல்லாம் மண்ணாக, தொப்பி கோணலாக நின்றார். பிறகுதான் அப்பாவை இறக்கினோம். வெள்ளைத் துணியில் கனமே இல்லை. வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தேன். ஒவ்வொருவரும் மூன்று கைப்பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். கை எதுவும் மேலே நீளவில்லை.

துஆ முடிகிற நேரம் சேவல் பிடியிலிருந்து நழுவியது. கல்லறைகளுக்கு மேலே சிறகடித்துப் பறந்தது. "புடி, புடி, சாட்சியப் புடி!" என்று ஜெர்வாசி கத்தினார். ஓட முடியாமல் நின்ற இடத்திலேயே கையால் திசை காட்டினார். இமாம்தான் அங்கியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடினார். ஒரு செருப்பு பின்தங்கிவிட்டது. தங்கை கணவன் கைபேசியை இறக்கவே இல்லை.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. கோழி வரைக்கும் இருக்கிறது.